நடவு வயலில் நடந்த பாஸ்போர்ட் விசாரணை

எழுபதுகளின் நடுவில் நான் அமெரிக்காவில், குளிர் மிகுந்த ஒரு நகரத்தின் அச்சகத்தில் வேலை பார்த்தேன். அதற்கு முன் திருச்சியில் ஒரு நாளிதழில் துணையாசிரியனாக இருந்தேன். அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைத்த வாரத்திலேயே, ஊரில் இருந்த என் மனைவிக்குக் குடியேற்ற விசா கேட்டு மனுப் போட்டேன். கல்யாணப் பத்திரிகை, பதிவுச் சான்று, முதலாளியின் கடிதம், இருவரும் தஞ்சாவூர் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படம் எல்லாம் அனுப்பினேன். எங்கள் திருமணம் உண்மையானதுதானா என்பதையே அவர்கள் பல விதமாகக் கேட்டார்கள். அதை நிரூபிப்பது கடினமாக இல்லை. மனு ஏற்கப்பட்டது. இனி அவள் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், சென்னையில் துணைத் தூதரகம் கூப்பிடும் நாளில் நேரில் போக வேண்டும். மீதி இருந்தது அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

பூதலூருக்குத் தெற்கே, வாய்க்கால் கரையை ஒட்டிய கிராமம் அவளுடையது. மனு ஏற்கப்பட்ட செய்தி வருவதற்குச் சற்று முன் அவளுடைய அப்பா இறந்துபோனார். ஊர் மிராசுதாரிடம் பன்னிரண்டு மா, அதாவது நாலு ஏக்கர், நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வாழ்நாள் முழுவதும் சாகுபடி செய்தவர். குத்தகைதாரர் பெயரைத் தாலுகா அலுவலகத்தில் பதியலாம் என்று புதிய ஆட்சி சட்டம் கொண்டுவந்தபோது, அந்த ஊரில் முதலில் போய்ப் பதிந்தவர் அவர். அந்த ஆண்டு அவருடைய வைக்கோல் போர் எரிந்தது. தீ வைத்தவர் யாரென்று போலீசுக்குத் தெரியவில்லை, ஊருக்குத் தெரிந்திருந்தது. அறுவடைக் காலத்தில் களத்துக்குக் களம் போலீஸ் நின்ற காலம் அது.

அவருக்கு ஆண் வாரிசு இல்லை. என் மாமியாருக்கு முழங்கால் மடங்காது, சேற்றில் இறங்க முடியாது. குத்தகை உரிமை வாரிசுக்கு வர வேண்டுமானால் அந்த வாரிசு ஊரில் இருந்து, தானே வயலில் இறங்கிப் பாடுபட வேண்டும் என்பது சட்டம். ஆகவே மிச்சம் இருந்தது என் மனைவி ஒருத்திதான். அவள் பெயருக்குப் பதிவை மாற்றக் கேட்டு மனுக் கொடுத்தார்கள். மிராசுதார் ஆட்சேபம் கொடுத்தார். அவர் சொன்னது ஒன்றே ஒன்று: இந்தப் பெண் புருஷனோடு அமெரிக்காவுக்குப் போகிறவள், நிலத்தை என்னிடம் திருப்ப வேண்டும்.

நிலம் போனால் மாமியாருக்குச் சோறு இல்லை. ஊரை விட்டு வரவும் அவர் சம்மதிக்கவில்லை. முதலில் நிலத்தை விட்டுவிடு என்று எழுதினேன். அவள் பதிலில் மழையைப் பற்றியும் அம்மாவின் காலைப் பற்றியும் எழுதியிருந்தாள். பிறகு இருவரும் ஒரு வழி கண்டோம். பாஸ்போர்ட்டைச் சத்தமில்லாமல் எடுத்து வைப்பது, தாசில்தார் உத்தரவு அவளுக்குச் சாதகமாக வந்த பிறகு மற்றதை யோசிப்பது. அது வழி அல்ல, தள்ளிப்போடுவது என்று இருவருக்கும் தெரியும்.

அதுவரை அவள் வயலில் இறங்கியதில்லை. அவர்கள் வீட்டுப் பெண்கள் கரையில் நின்று ஆட்களை மேய்ப்பார்கள், நாற்றைத் தொட மாட்டார்கள். இப்போது நாலு பேர் பார்க்க அவள் நட்டாக வேண்டியிருந்தது. நான் லீவில் வந்து சேர்ந்தபோது ஐப்பசி நடவு நடந்துகொண்டிருந்தது. தூதரகத்தின் அழைப்பும் வந்திருந்தது. பாஸ்போர்ட் மட்டும் வரவில்லை. போலீஸ் விசாரணை பாக்கி என்றார்கள்.

ஒரு காலை நானும் வயலுக்குப் போய் வரப்பில் நின்றேன். ஏழெட்டுப் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டு போனார்கள். கடைசியில் என் மனைவி. அவள் நட்ட இடம் மட்டும் கோணலாக இருந்தது.

"ஏம்மா, அங்கயும் நடவு உண்டா?" என்று கேட்டாள் பக்கத்தில் நட்டவள்.

"இருக்கும்."

"அங்க நாத்துக்கும் சட்டை போட்டுத்தான் நடணுமாம். அம்புட்டுக் குளுராம்."

"அப்ப நம்ம ஐயாவே தைச்சுக் கொண்டாந்திருப்பாரு, பேண்டு கூடப் போட்டிருக்காரு பாரு" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள்.

அப்போதுதான் வரப்பில் இரண்டு பேர் வருவது தெரிந்தது. முன்னால் குடையோடு மிராசுதாரின் காரியஸ்தர். பின்னால், பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு கான்ஸ்டபிள்.

கான்ஸ்டபிள் ஏன் காரியஸ்தரோடு வந்தார் என்பது பேச்சில் தெரிந்தது. பாஸ்போர்ட் மனுவில் விண்ணப்பதாரரைத் தெரிந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவரின் பெயர் கேட்டிருக்கும். அந்த ஊரிலிருந்து யார் எந்த மனுப் போட்டாலும், பள்ளிக்கூடமோ ரேஷனோ வேலையோ, அந்த இடத்தில் பெரிய வீட்டின் பெயரைத்தான் எழுதுவது வழக்கம். தஞ்சாவூரில் மனு எழுதிக் கொடுத்த டிராவல்ஸ்காரர் ஊர்ப் பெயரைக் கேட்டதும் தன் பாட்டுக்கு மிராசுதார் பெயரை எழுதிவிட்டார். ஆங்கிலத்தில் இருந்த அந்தத் தாளில், அவர் காட்டிய இடத்தில் என் மனைவி கையெழுத்துப் போட்டிருந்தாள். போலீஸ் நேராக மிராசுதாரிடம் போய், உங்கள் குத்தகைக்காரர் மகள் வெளிநாடு போகிறாளாமே என்று கேட்டிருக்கிறது.

"ஏம்மா, நீதானே பாஸ்போர்ட் கேட்டது?" என்றார் கான்ஸ்டபிள்.

அவள் பதில் சொல்வதற்குள் காரியஸ்தர் சொன்னார்: "இவங்கதான் ஏட்டையா. ஐயா ரொம்ப நல்ல விதமா சொல்லிட்டாரு. நம்ம ஊருப் புள்ள, புருஷன்கூடப் போய் நல்லா இருக்கட்டும்னுட்டாரு." பிறகு அவளிடம் திரும்பினார். "எப்பம்மா பயணம்? தாசில்தார் கேட்டா நாங்க ஒரு பதில் சொல்லணுமுல்ல."

நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். நான் குறுக்கிட்டு, பிறகு ஸ்டேஷனுக்கு வந்து பேசுகிறோம் என்றேன்.

"நீங்க புருஷனா? தப்பா நெனைக்காதீங்க சார். அவங்க வாயால சொல்லணும்" என்றார் கான்ஸ்டபிள். பொறுமையான மனிதர். அவளிடம், "வேற ஒண்ணுமில்லம்மா. போறேன்னு சொல்லு, எழுதிக்கிட்டுப் போயிடுறேன்" என்றார்.

என் மனைவி நாற்று முடியைக் கையில் வைத்தபடி நின்றாள். முழங்கால் வரை சேறு. என்னை ஒருமுறை பார்த்தாள். நான் எந்தச் சைகையும் காட்டவில்லை. என்ன காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"நான் எங்கயும் போகல" என்றாள்.

"மனுப் போட்டிருக்கியேம்மா."

"அவரு ஆசைப்பட்டாரு, போட்டோம். எனக்குப் போற எண்ணம் இல்ல. அப்படியே எழுதிக்கங்க." காரியஸ்தரைக் காட்டி, "அவரும் கேட்டுக்கிட்டாருல்ல" என்றாள்.

கான்ஸ்டபிள் குந்தி உட்கார்ந்து, முழங்காலில் அட்டையை வைத்து எழுதினார். அவள் வாய்க்காலில் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக் கையெழுத்துப் போட்டாள். காரியஸ்தர் "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையை மடக்கினார்.

அவர்கள் ரோட்டுக்கு ஏறிய பிறகு, பக்கத்தில் நட்டவள் மெதுவாக, "என்னம்மா, இப்புடிச் சொல்லிப்புட்டீங்க" என்றாள்.

"நடுடி. வெயில் ஏறுது."

சாயங்காலம் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன். "பொய்தானே சொன்ன?"

"ஏங்க, எழுதிட்டாங்கல்ல. இனிமே பொய்யா நெசமான்னு யாரு கேக்கப் போறா."

நான் சென்னைக்குத் தனியாகப் போய்த் தூதரகத்தில் அவகாசம் கேட்டேன். மரியாதையாகக் கொடுத்தார்கள். எதற்காக என்று கேட்டபோது, பாஸ்போர்ட் தாமதம் என்றேன். பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து, விண்ணப்பதாரருக்கே பயண எண்ணம் இல்லாததால் மனு முடிக்கப்படுகிறது என்று தபால் வந்தது. புதிதாகப் போடலாமா என்று டிராவல்ஸ்காரரிடம் கேட்டேன்.

"போடலாம் சார். அதே ஸ்டேஷனுக்குத்தான் போகும். அப்ப போறேன்னு சொன்னாங்கன்னா, நெலத்துக் கேசு என்னாவும்னு நீங்களே பாத்துக்கங்க."

நான் ஏன் திரும்பி வந்துவிடவில்லை என்று கேட்டவர்கள் உண்டு. அவளிடம் நானே கேட்டேன். "வந்து?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நாளிதழில் என் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். எனக்கு உழத் தெரியாது. உரமும் வக்கீலும் நான் அனுப்புவதில்தான் நடந்தன. குத்தகை போக அந்தப் பன்னிரண்டு மாவில் மிஞ்சுவது இரண்டு பெண்களின் சாப்பாட்டுக்குச் சரியாக இருந்தது.

அடுத்த ஆண்டு கார்த்திகையில் நான் லீவில் இருந்தபோது தாசில்தார் விசாரணை வந்தது. நடவுப் பெண்கள் இருவர் சாட்சி சொன்னார்கள். மிராசுதாரின் வக்கீல், "உன் புருஷன் எங்கே இருக்கிறார்?" என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வக்கீல் கான்ஸ்டபிள் எழுதியதன் நகலை வாங்கி வைத்திருந்தார். அதை மேஜையில் வைத்ததும் எதிர்த்தரப்பின் பேச்சு குறைந்தது. பதிவு அவள் பெயருக்கு மாறியது. உத்தரவில் காரணமும் எழுதியிருந்தது: இவர் ஊரை விட்டுச் செல்லும் எண்ணம் இல்லாதவர் என்பது ஐயமற நிரூபணம் ஆகியிருக்கிறது. அதை நான் இரண்டு முறை படித்தேன். நாளிதழில் என் பழைய மேஜைக்கு அது வந்திருந்தால் ஒரு சொல்லைக்கூடத் திருத்தியிருக்க மாட்டேன். தூதரகம் கொடுத்த அவகாசம் தை மாதத்தோடு முடிய இருந்தது.

அலுவலகத்துக்கு வெளியே மாமியார் அழுதுகொண்டே எல்லோருக்கும் டீ சொன்னார். வக்கீல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் மனைவி சற்றுத் தள்ளி, புங்க மரத்தடியில் நின்றாள். நான் பக்கத்தில் போனேன்.

"லீவு எப்ப முடியுது?"

"ரெண்டு வாரம் இருக்கு."

அவள் தலையை ஆட்டினாள். டீயை ஊதிக் குடித்தாள்.

"நாளைக்குக் களைக்கு ஆள் சொல்லணும்" என்றாள்.