கால்வாய் வளைந்த இடம்

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நல்லது. ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்த்தவள் நான். அத்தனை ரத்தத்தையும் கூக்குரலையும் பார்த்தவளை ஒரு பாலைமரம் என்ன செய்துவிடும்?

ஆனால் அந்த மரத்துக்காகக் கால்வாயே வளைந்துதான் போயிற்று. நெய்யாற்றுத் தண்ணீரை எங்கள் பக்கத்து வயல்களுக்குக் கொண்டுவர அப்போது கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நூல் பிடித்த மாதிரி வந்த கால்வாய், அந்த ஏழிலைப்பாலை நின்ற இடத்தில் மட்டும் ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போகும். மரத்தில் கோடாலி வைக்க ஒருவனும் முன்வரவில்லையாம். காண்ட்ராக்டர் இரட்டைக் கூலி தருகிறேன் என்றும் பார்த்தாராம். யக்ஷி குடியிருக்கிற மரத்தை வெட்டிவிட்டு அந்தக் கூலியை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது?

தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று எங்கள் பக்கமெல்லாம் கிளர்ச்சி நடந்த காலம் அது. கால்வாய் வேலை பாதியில் நின்றிருந்தது. பாறசாலை ரோட்டிலும் உதியன்குளங்கரையிலும் போலீஸ் வண்டிகள். சைக்கிளில் போகிறவனை நிறுத்தி எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய் என்று கேட்பார்கள். பதில் பிடிக்காவிட்டால் அடி. அதனால் சைக்கிள் வைத்திருந்தவர்கள் எல்லாரும் கால்வாய்க் கரைக்கு மாறிவிட்டோம்.

அந்தக் கரையில் சைக்கிள் விடுவது எப்படிப்பட்ட சுகம் என்று இப்போது பஸ்ஸின் புகையை விழுங்கிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். இடித்து இறுக்கிய செம்மண். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மாட்டுவண்டி வராது, பஸ் வராது. ஒரு தடவை மிதித்தால் சக்கரம் தானாகவே நெடுந்தூரம் போகும். ஒரு பக்கம் மரச்சீனிக் கிழங்கு போட்ட விளைகள், மறு பக்கம் மழைத்தண்ணீர் அங்கங்கே தேங்கிக் கிடக்கும் வெறும் கால்வாய். செயின் ஓடும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இருக்காது. முதல் சில நாட்கள் அது சுகமாக இருந்தது. அப்புறம், இவ்வளவு பெரிய பள்ளத்தை வெட்டிப் போட்டுவிட்டு எல்லாரும் எங்கே போய்விட்டார்கள் என்று தோன்ற ஆரம்பித்தது.

மரம் நின்ற வளைவில் கரைகள் உயரம். அங்கே மணி அடித்தால் எதிர்க்கரைச் சுவரில் பட்டு இன்னொரு தடவை கேட்கும். எதிரொலிதான் என்று தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தேன்.

டிஸ்பென்சரியில் எனக்குத் தந்திருந்தது ஒரு பழைய லேடீஸ் சைக்கிள். உடுப்பு வெள்ளைச் சேலை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பெண்கள் சைக்கிள் விடுவதே அபூர்வம், அதிலும் ஆளில்லாத கரையில் தனியாக, வெள்ளைச் சேலையில். ஒருநாள் விடிகிற நேரம் எதிரே வந்த ஒருவர் என்னைப் பார்த்ததும் சைக்கிளோடு கால்வாய்க்குள் சாடிவிட்டார். மேலே நின்று, "அடி பட்டுதா அண்ணே?" என்று கேட்டேன். அவர் கண்ணைத் திறக்காமலே கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு வாரம் டிஸ்பென்சரியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

அதற்குப் பிறகுதான் சிரிப்பு நின்றது. பனச்சமூட்டுக்கு அப்பால் நடந்த ஒரு ஊர்வலத்துக்குப் போன என் அண்ணன் திரும்பி வரவில்லை. தடியடி நடந்தது, துப்பாக்கிச் சத்தம் கேட்டது என்றார்கள். அன்று இரவே போலீஸ் எங்கள் வீட்டில் வந்து கட்டிலுக்கு அடியில்கூட டார்ச் அடித்துப் பார்த்தது. அவர்கள் தேடுகிறார்கள் என்றால் ஆள் அவர்களிடம் இல்லை. அது ஒரு சமாதானம். ஆனால் எங்களிடமும் இல்லையே. ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டால் அங்கே நிற்கிற போலீஸுக்கு நாங்களே காட்டிக்கொடுத்தது போலாகும். அம்மா அழவில்லை. நாள்தோறும் அண்ணனுக்கும் சேர்த்து அரிசி போட்டாள். வெற்றிலையையும் பாக்கையும் எடுத்து ஈரத்துணியில் மடித்து வைத்தாள். சோறில்லாமல் இருந்தாலும் இருப்பார், வெற்றிலை இல்லாமல் ஒரு நாழிகை இருக்கமாட்டார் எங்கள் அண்ணன். சுண்ணாம்பு வைக்கிற பித்தளை டப்பா எந்நேரமும் மடியில் இருக்கும். அதைத் தட்டுகிற சத்தத்தை வைத்தே அவர் வீட்டுக்குள் எங்கே இருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

பிரசவம் காத்திருக்காது. நான் காலையும் மாலையும் அந்தக் கரை வழியேதான் போய்வந்தேன். போகிற வழியெல்லாம் கண் அவரைத்தான் தேடியது.

அந்த நாட்களில்தான் புதுப் பேச்சு ஒன்று கிளம்பியது. பாலைமரத்து வளைவில், உச்சிப்பொழுதில் ஏதோ ஒன்று சைக்கிளில் போகிறவர்களிடம் சுண்ணாம்பு கேட்கிறது என்று. எங்கள் பக்கத்தில் இதற்கு அர்த்தம் சொல்லித்தர வேண்டியதில்லை. வழியில் போகிற ஆண்களிடம் யக்ஷி முதலில் கேட்பது சுண்ணாம்புதான். நீட்டிய கையைப் பிடித்தால் ஆள் போச்சு. எனக்கு எரிச்சல் வந்தது. என்னைத்தான் சொல்கிறார்கள், வெள்ளைச் சேலையைப் பார்த்துவிட்டு வாய்க்கு வந்ததை அளக்கிறார்கள் என்று நினைத்தேன்.

டிஸ்பென்சரிக்கு வந்த மீன்காரர்தான் என் எண்ணத்தை மாற்றினார். கேரியரில் கூடையைக் கட்டிக்கொண்டு அந்தக் கரையில் தினமும் போகிறவர். பயந்து ஓட்டி விழுந்து முழங்கால் தோல் உரிந்திருந்தது. மருந்து போட்டுக்கொண்டே, "வெள்ளைச் சேலையா கண்டீங்க?" என்று குத்தலாகக் கேட்டேன்.

"ஒண்ணும் காணல்ல நர்சம்மா. சத்தம் மட்டும்தான். கீழ இருந்து ஆக்கும் வந்துது. 'சுண்ணாம்பு உண்டா'ண்ணு. ஆணா பொண்ணாண்ணு பிடிகிட்டல்ல. தொண்டை வறண்ட மாதிரி ஒரு சத்தம்."

"நானும் அதே வழியிலதானே போறேன். எனக்கு மட்டும் ஏன் கேக்கல்ல?"

"நீங்க உச்சிக்குப் போவல்லியே. பின்ன, அது பொம்பளைககிட்ட கேக்காது."

பஞ்சை வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. தொண்டை வறண்ட சத்தம். சுண்ணாம்பு. வெற்றிலை இல்லாமல் இருக்க முடியாத ஒரு ஆள். அந்த வளைவில் பழைய தோடு ஒன்று, சின்ன ஓடை, கால்வாயைக் கடக்கும். அதன் தண்ணீர் அடியில் போவதற்காகக் கட்டி, பாதியில் விட்ட கலுங்கு ஒன்று கரைக்கு அடியில் உண்டு. ஒரு ஆள் குனிந்து உள்ளே போகலாம்.

"எனக்கக் கூட வாங்க அண்ணே" என்றேன். மீன்காரர் என்னைப் பார்த்த பார்வையில், யக்ஷி நான்தானோ என்ற பழைய சந்தேகம் தெரிந்தது. ஆனாலும் வந்தார். வளைவுக்கு ரொம்பவும் முன்னாலேயே இறங்கி, இரும்பைத் தொட்டால் பேய் அண்டாது என்று சைக்கிளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

நான் மட்டும் மிதித்தேன். உச்சி வெயில். நிழலே இல்லை, மரத்தின் அடியில் மட்டும் கறுப்பாகக் கொஞ்சம். தவளைகூடக் கத்தவில்லை. மணி அடித்தேன். சுவரில் பட்டு இரண்டாவது மணி வந்தது. அப்புறம் கலுங்குக்குள்ளிருந்து ஒரு முனகல்.

அண்ணன் கலுங்குக்குள் சேற்றில் சாய்ந்து கிடந்தார். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்து, வீங்கிப் பளபளவென்று இருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. போலீஸ் துரத்தியபோது இருட்டில் கரை வழியே ஓடிவந்து, கரை வளைவது தெரியாமல் நேராகப் போய்த் தோட்டில் விழுந்திருக்கிறார். தோட்டுத் தண்ணீரைக் குடித்தே நாலைந்து நாள் கிடந்திருக்கிறார். அழுவதற்கு எனக்கு நேரமில்லை. தென்னை மட்டையை வைத்து, சேலைத் தலைப்பைக் கிழித்துக் காலைக் கட்டினேன். கூப்பிட்ட கூப்பாட்டில் மீன்காரரும் வந்துவிட்டார். இரண்டு பேருமாகத் தூக்கிக் கேரியரில் இருத்தினோம். மீன்காரர் அண்ணனைப் பிடித்துக்கொள்ள, நான் தள்ளினேன். ஒரு குலுக்கல் இல்லாமல் அந்தக் கரை எங்களை ஊர் எல்லை வரைக்கும் கொண்டுவிட்டது. ரோட்டு வழியென்றால் வலியிலேயே அண்ணன் போயிருப்பார். போலீஸ் கையிலும் சிக்கியிருப்போம்.

டிஸ்பென்சரி டாக்டர் வெளியே யாரிடமும் வாயைத் திறக்காமல் வீட்டுக்கே வந்து காலைச் சரியாக்கினார். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் காலும் இல்லை, ஆளும் இல்லை என்றார். காய்ச்சல் இறங்கி அண்ணன் கண்ணைத் திறந்ததும் எனக்குள் இருந்த பயமெல்லாம் கோபமாக வந்தது.

"சாகக் கிடக்கிறப்பவும் வெத்தலையா? சுண்ணாம்புண்ணு கேட்டதுக்குப் பதிலா 'என்னைக் காப்பாத்துங்க'ண்ணு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

அண்ணன் தலையை மட்டும் தூக்கினார்.

"நான் ஆர்கிட்டயும் ஒண்ணும் கேக்கல்ல ஏட்டி. மேல போறது ஒற்றுக்காரனா இருந்தாண்ணு மூச்சு விடாம கிடந்தேன். ஒனக்க பெல் சத்தம் ரெண்டு மூணு மட்டம் கேட்டேன். ஒனக்குப் பொறத்த போலீசு வருமோண்ணு பயந்து அப்பவும் வாயத் தொறந்து மிண்டல்ல."

மடியைத் துழாவிப் பித்தளை டப்பாவை எடுத்து என் கையில் தந்தார். திறந்து பார்த்தேன். சுண்ணாம்பு நிறைய இருந்தது.

"கேட்டது நான் இல்ல. நானும் அந்தச் சத்தம் கேட்டேன். உச்சிக்கு உச்சி, மேல போற எல்லாரையும் விளிச்சுக் கேட்டுது. எனக்கப் பக்கத்துலயே இருந்துதான் கேட்டுது. என்கிட்ட மட்டும் கேக்கல்ல."

காய்ச்சலில் என்னென்னவோ கேட்கும். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் மீன்காரருக்குக் காய்ச்சல் இல்லை. அந்த வழியில் போன மற்ற ஆண்களுக்கும் இல்லை. அந்தச் சத்தத்தைப் பற்றிய பேச்சு ஊரில் பரவாமல் இருந்திருந்தால் அந்தக் கலுங்குக்குள் நான் குனிந்து பார்த்திருப்பேனா? மாட்டேன். அதுதான் என்னை இன்றைக்கும் போட்டு வாட்டுகிறது.

அம்மாவுக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. என் கையிலிருந்த டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மக்கா, இத்தன நாளாட்டு கேட்டுக்கிட்டு நிக்குது. கேட்ட சாதனத்தக் குடுக்கண்டாமா?"

மறுநாள் உச்சிக்குப் போனேன். இப்படி ஒரு கோமாளித்தனத்தை நான் அதற்கு முன்னாலும் செய்ததில்லை, பின்னாலும் செய்ததில்லை. சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு, மரத்தடியில் டப்பாவைத் திறந்து வைத்து, "சுண்ணாம்பு உண்டு" என்று யாரும் இல்லாத கால்வாயிடம் சொன்னேன். எதிர்ச்சுவர் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. மணியை ஒரு தடவை அடித்துப் பார்த்தேன். மணி ஒரு தடவைதான் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் மிதித்தேன்.

அடுத்த நாள் டப்பா அதே இடத்தில் இருந்தது. மூடியிருந்தது. உள்ளே துடைத்து எடுத்தது போலச் சுத்தமாக இருந்தது. வெற்றிலை தின்கிற வழிப்போக்கன் யாராவது எடுத்திருக்கலாம். ஆனால் அந்த மரத்தடியில் அந்த நாட்களில் எந்த வழிப்போக்கன் இறங்கினான்? அப்புறம் அந்த வளைவில் சத்தம் கேட்டதாக ஒருவரும் சொல்லவில்லை.

டப்பாவை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அண்ணன் உறங்கிக்கொண்டிருந்தார். அவருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"வாங்கினாளா?"

பேய் பிசாசில் நம்பிக்கை இல்லாத நான், "வாங்கிட்டா அம்மா" என்றேன்.