சந்தையில் சாணை பிடித்த காலணி

போன மாதம் ஆஸ்திரேலியாவிலிருந்து மகள் போன் செய்தாள். "அப்பா, என் ஸ்கேட்ஸ அனுப்பி வைங்கப்பா. இங்க வீக்கெண்ட்ல விளையாட ஒரு கூட்டம் சேர்ந்திருக்கு." சரி என்றேன். அலமாரியின் அடித்தட்டைத் திறக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் இப்போது நான் மட்டும்தான். மனைவி போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. அந்த ஸ்கேட்ஸ், அடியில் இரும்புத் தகடு வைத்த பனிச்சறுக்குக் காலணி. அதைக் கட்டிக்கொண்டு ஐஸ் ஹாக்கி ஆடித்தான் மகள் மூன்று வருடம் சம்பளம் வாங்கினாள். ஐஸ் ஹாக்கிக்குச் சம்பளமா என்று இந்த வெயில் ஊரில் எல்லாரும் சிரித்த காலம் அது.

பனி விளையாட்டில் பைத்தியமான ஒரு வியாபாரி, பேரங்காடி ஒன்றின் ஐஸ் திடலைக் குத்தகைக்கு எடுத்து, பெண்கள் அணியைத் தொடங்கினார். மகள் அலுவலக வேலையை விட்டுவிட்டுச் சேர்ந்தாள். ஒரு வாரம் அவளோடு நான் பேசவில்லை. பிறகு நானே காரோட்டினேன். கடைகள் திறக்கும் முன்பு பயிற்சி. கேமரன் மலைக்கு வாங்கிய குளிர்ச்சட்டையோடு மேல் வரிசையில் தனியாக உட்கார்ந்திருப்பேன். காவலாளி ஒருநாள் கேட்டார்.

"அங்கிள், நீங்க கோச்சா?"

"இல்ல பாஸ், டிரைவர்."

"சம்பளம் எவ்ளோ?"

"ஒரு கிளாஸ் தே தாரிக் லா."

உண்மையில் பயம்தான் என்னை அங்கே உட்கார வைத்தது. அவள் திடலைச் சுற்றியுள்ள பலகைச் சுவரில் மோதும்போதெல்லாம் எழுந்து நிற்பேன். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. திடலில் இறங்கியதும் அவள் மேலே பார்ப்பாள், நான் கையாட்டுவேன். அவள் மட்டையால் பனியை இரண்டு முறை தட்டுவாள். பிறகுதான் ஆட்டம்.

முதல் வருடம் பார்க்க ஆளில்லை. இரண்டாம் வருடம் மாடிக் கம்பிகளில் ஆட்கள் தொங்கினார்கள். என் தங்கை வீட்டார் கிள்ளானிலிருந்து உறுமியோடு வந்து அடித்த அடியில் நடுவர் ஆட்டத்தையே நிறுத்தினார். மூன்றாம் வருடம் இறுதியாட்டம்.

அணிக்குத் தகடு தீட்டுபவர் அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தார். "பிளேடு மழுங்கிடுச்சுப்பா. எப்படியாவது சமாளிக்கணும்" என்று சாப்பிடும்போது மகள் சொன்னாள். மறுநாள் அவளிடம் சொல்லாமல் ஸ்கேட்ஸை எடுத்துக்கொண்டு கிள்ளான் சந்தைக்குப் போனேன். எங்கள் வீட்டுக் கத்திகளுக்குச் சாணை பிடிப்பவர் அங்கே இருக்கிறார்.

"என்னண்ணே இது, ஐஸ் வெட்டவா?" என்று சிரித்தார். பொறி பறக்கத் தீட்டினார். "இப்ப தேங்காயே பொளக்கலாம், போங்க."

பெருமையோடு திரும்பி, அவள் பையில் வைத்துவிட்டேன். அந்தத் தகட்டின் நடுவில் மெல்லிய பள்ளம் ஓடுமென்றும், அதன் இரு பக்க விளிம்புகள்தாம் பனியைப் பிடிக்குமென்றும் அன்று எனக்குத் தெரியாது. அவர் பள்ளத்தைத் தேய்த்துவிட்டு, கத்தி போல ஒரே முனையாக்கியிருந்தார்.

இறுதியாட்டத்தில் மகள் இறங்கினாள். லேசாகத் தடுமாறினாள். மேலே பார்த்தாள். நான் கையாட்டினேன். ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டு, இரண்டு முறை தட்டினாள்.

சில நிமிடங்களில், வேகமாகத் திரும்பும்போது கால் வழுக்கிச் சுவரில் மோதினாள். கணுக்கால் முறிந்த சத்தம் மேல் வரிசைவரை கேட்டது. இன்றும் யாராவது கதவைச் சாத்தினால் உடம்பு தூக்கிப் போடுகிறது.

அணி தோற்றது. வியாபாரிக்கு முன்பே ஆர்வம் குறைந்திருந்தது, பேரங்காடிக்கும் அந்த இடம் வேண்டியிருந்தது. சில மாதங்களில் அணி கலைந்தது. ஆடிய பெண்கள் பழைய வேலைகளுக்குத் திரும்பினார்கள். கால் தேறியதும் மகள் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டாள். சந்தைக்குப் போனதை அவளிடம் நான் சொல்லவே இல்லை. திடல் இப்போது மரச்சாமான் கடை. ஒருமுறை போய், என் வரிசை இருந்த பக்கத்தில் கிடந்த சோபாவில் உட்கார்ந்தேன். "எத்தனை பேர் உட்கார்றதுக்கு, அங்கிள்?" என்று விற்பனைப் பெண் கேட்டாள். எழுந்து வந்துவிட்டேன்.

ஸ்கேட்ஸை அப்படியே அனுப்ப முடியாது. வேறொரு பேரங்காடித் திடலில் தகடு தீட்டும் சீனரிடம் கொண்டுபோனேன். தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், யார் இப்படிச் செய்தது என்று மலாயில் கேட்டார்.

"நான்தான்."

அவர் இயந்திரத்தை முடுக்கினார். அன்று மாலையே மகளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்பா. முதல் அடியிலயே தெரிஞ்சுது. வேற யாரு செஞ்சிருக்கப் போறா?"

"வேற ஜோடி கேட்டிருக்கலாம்லம்மா?"

"கேட்டா ஏன்னு சொல்லணும். மேல பாத்தேன், நீங்க கையாட்டிக்கிட்டு இருந்தீங்க."

"பார்சல் எப்பப்பா வரும்?" என்று அவளே பேச்சை மாற்றினாள்.

பார்சல் போய்ச் சேர்ந்துவிட்டது. சனிக்கிழமைகளில் அவள் திடலில் இறங்கும் நேரம் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரிவதில்லை.