மருந்து வாங்கப் போனதாகச் சொன்ன நாள்

நான் மருந்து வாங்கப் போகவில்லை. பொய் சொன்னேன். பக்கவாதத்தில் படுத்த என் மாமியாரைத் தனியே விட்டுவிட்டு, பிள்ளையார் ஊர்வலம் பார்க்க ஓடினேன்!

ஐம்பதுகளின் கடைசி. புனேயில், நாராயண் பேட்டையில், ஒரே முற்றத்தைச் சுற்றிப் பத்துக் குடும்பங்கள் வாழ்ந்த வாடாவில் எங்களுக்கு ஓர் அறை. காலையில் சைக்கிளில் கட்கித் தொழிற்சாலைக்குக் கிளம்பும் கணவர் இருட்டிய பிறகே திரும்புவார். நான்கு ஆண்டுகளாக அத்தையைப் புரட்டிப் படுக்கவைத்தது, துடைத்தது, ஊட்டியது எல்லாம் நான் ஒருத்தியே. யாரிடமும் உதவி கேட்டதில்லை. கேட்பது கேவலம் என்று நினைத்தேன்... கர்வமா? பயமா?

அன்று பகல் லட்சுமி சாலைப் பக்கம் மேளம் அதிர்ந்தது. சுவர் அதிர்ந்தது. என் நெஞ்சும்!

"அத்தே, மருந்து தீர்ந்துபோச்சு. கால் மணியில வந்துடறேன்."

புட்டியில் பாதி இருந்தது. பேச்சு குழறும் அத்தை தலையை மட்டும் அசைத்தார்.

எப்படிச் சொல்வேன் உங்களுக்கு! தெரு முழுக்கச் சிவப்புக் குலால் பொடி. வானமே சிவந்துவிட்டது போல! முகம் தெரியாத ஒருத்தி என் கன்னத்தில் அதை அள்ளிப் பூசினாள். கூட்டத்தோடு சேர்ந்து, பிள்ளையாரை வாழ்த்தி "மோரயா!" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு உரத்தது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது! குதித்தேன், சிரித்தேன், செருப்பு அறுந்தது, வெறுங்காலோடு நடந்தேன்... கால் மணி, மூன்று மணி நேரமானது.

திரும்பியபோது எங்கள் வாசலில் கூட்டம். தண்ணீருக்குக் கை நீட்டிய அத்தை கட்டிலிலிருந்து விழுந்து கிடந்தார். வலப்பக்கம் ஏற்கெனவே செத்துப்போனது. முறிந்தது இடக்கை... நன்றாக இருந்த ஒரே கை!

பக்கத்து அறைக் குசும்தாய் என்னைக் கட்டிக்கொண்டு மராத்தியில் கேட்டார்: "ஐயோ பெண்ணே, மருந்து வாங்கப் போய்க் கூட்டத்துல மாட்டிக்கிட்டியா?"

ஆமென்று தலையாட்டினேன். அத்தை என் கன்னத்துச் சிவப்பையே பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லையா? விரும்பவில்லையா?

மறுநாள் வாடாப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். "நாங்க இல்லையா? இத்தனை நாள் ஒருத்தியா இழுத்திருக்கியே, வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?" என்று குசும்தாய் கடிந்துகொண்டார். அன்று முதல் பகலில் இரண்டு மணி நேரம், முறை வைத்து ஒருவர் அத்தையோடு இருந்தார். நான் தூங்கினேன். தையல் வகுப்புக்குப் போனேன். சங்கராந்திக்கு என்னை நடுவில் உட்காரவைத்து, குங்குமமிட்டு, தேங்காயும் ரவிக்கைத் துணியும் தந்து, "எங்கள் வாடாவின் பெருமை" என்றார்கள். வெட்கமில்லாமல் பூரித்துப்போனேன்!

வாய்விட்டுக் கேட்டிருந்தால் முன்பே வந்திருப்பார்களே... அந்தக் கை முறிந்திருக்காதே! அதன்பின் ஒரு டம்ளரைக்கூட அத்தை தானாக எடுத்துக் குடித்ததில்லை. மறு ஆண்டு இறந்துபோனார். அவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை.

ஆனால், நான் மறைத்தது பொய்யை மட்டும் என்றா நினைக்கிறீர்கள்? அந்த மூன்று மணி நேரத்தில் ஒருமுறைகூட அவர் நினைவு எனக்கு வரவில்லை. அவ்வளவு சந்தோஷம் என் வாழ்வில் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. அதைத் திருப்பிக் கொடுத்தால் அவர் கை கூடிவிடும் என்றால்... கொடுப்பேனா?

உடனே ஆமென்று சொல்ல இன்றும் எனக்கு வாய் வரவில்லை.