பேச்சியம்மா வாங்கிய பட்டாளத்து லாரி

பேச்சியம்மா என்னைத் திருடன் என்று சொன்னதைக் கடைசிவரை வாபஸ் வாங்கவில்லை. தமிழில் சொல்லியிருந்தால் எங்கள் சந்தில் நாலு பேருக்குத்தான் புரிந்திருக்கும். பெங்காலிக்கும் தெலுங்கனுக்கும் மலையாளிக்கும் விளங்கட்டும் என்று ஹிந்தியில் சொன்னார். "யே மிஸ்திரி சோர் ஹை." வருஷம் ஆறாகிறது. இன்றைக்கும் டீக்கடையில் எவனாவது என்னைப் பார்த்துச் சிரித்தால், அதை நினைத்துத்தான் சிரிக்கிறானோ என்று இருக்கும்.

என் மெக்கானிக் பட்டறை எங்கள் தீவு டவுனில், லம்பா லைன் பக்கம். அந்த மார்ச்சில் ஒரு பட்டாளத்து லாரியைக் கட்டி இழுத்துவந்து வாசலில் விட்டார்கள். கழித்துப்போட்ட வண்டி. காயலான் கடைக்காரன் ஒருவன் ஏலத்தில் எடுத்து இந்த அம்மாவுக்குக் கைமாற்றியிருந்தான். உப்புக் காற்று தின்ற கதவு, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. பின்னாலேயே சௌல்தாரி பஸ்ஸில் பேச்சியம்மா வந்து இறங்கினார். ஐம்பது தாண்டிய ஒல்லி உடம்பு, கையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்.

"இஞ்சினப் பிரிக்கயில நான் பக்கத்துல இருப்பேன்," என்றார். "ஒங்கள மட்டும் சொல்லல. எல்லா மிஸ்திரியையுந்தான் சொல்றேன்."

இருந்தார். தினமும் முதல் பஸ்ஸில் வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். நான் ஒரு சாமானைக் கழற்றினால் அதில் மகளுடைய நெயில் பாலிஷை ஒரு பொட்டு வைப்பார். நல்லதை எடுத்துக்கொண்டு மட்டத்தைப் போட்டுவிடுவேனாம். கழற்றாத போல்ட்டுக்கும் பொட்டு உண்டு. பச்சைப் பெயிண்ட் பட்டாளத்துக்கு மட்டும்தான், அதை மாற்றாமல் ரிஜிஸ்டர் ஆகாது என்றேன். பெயிண்ட் விற்கப் பார்க்கிறேன் என்று நினைத்து வேறு மூன்று பேரிடம் விசாரித்துவிட்டு வந்தார்.

எனக்கும் சந்தேகம் இல்லாமல் இல்லை. காய்கறி விற்கும் பொம்பளைக்கு எதற்கு நாலு சக்கரமும் இழுக்கிற லாரி? சாதாரண லாரியில் பின் சக்கரம்தான் தள்ளும். இதில் ஒரு லிவரைப் போட்டால் முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும், காட்டுக்குள் எங்கும் போகும். காட்டில் இருப்பது நல்ல விலை போகும் படாக் மரம். எவனோ மரம் கடத்துகிறவன் இந்த அம்மாவை முன்னால் நிறுத்தியிருக்கிறான், நாளைக்கு வண்டி பிடிபட்டால் வேலை பார்த்தவன் என்று என்னைத்தான் இழுப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் சொல்லாமல் சௌல்தாரிக்குப் பஸ் ஏறினேன்.

விசாரித்துப் போனால், ஊரைத் தாண்டி ஒரு களிமண் மேடு. மேட்டுக்கு அந்தப்பக்கம் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களின் வெள்ளரி, பாகல், வாழை. மழை இறங்கிவிட்டால் டெம்போக்காரன் மேட்டில் ஏறமாட்டான். தலைச்சுமையாகக் கொண்டுவந்தது போக மற்றதெல்லாம் கொடியிலேயே அழுகும். அந்த மழைக்கு லாரி விடுகிறேன் என்று பேச்சியம்மா அத்தனை பேரிடமும் வாக்குக் கொடுத்து, விதையும் போடச் சொல்லியிருந்தார். இதை ஒரு கிழவர் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்ன மிஸ்திரி, வேவு பாக்க வந்தீங்களா?"

மூஞ்சியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் கோபப்படவில்லை. நானாக இருந்தாலும் வந்து பார்த்திருப்பேன் என்று சொல்லி, பிளேன்டீ போட்டுக் கொடுத்தார். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஏழு வயதில் கப்பலேறி வந்தவர். இதுதான் இனி உங்கள் இடம் என்று சொல்லிக் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் இறக்கினார்களாம். அங்கே புருஷனையும் வீட்டையும் சுனாமி அலை கொண்டுபோனது. பிறகு இன்னொருவர் வந்து இன்னொரு இடத்தைக் காட்டி, இதுதான் உங்கள் இடம் என்றாராம். "அதுலேர்ந்து யாரு எதச் சொன்னாலும் தொட்டுப் பாத்துத்தான் நம்புறது," என்றார்.

ஏப்ரல் கடைசியில் இஞ்சின் ஓடியது. பட்டறைக்குப் பின்னால் தண்ணீர் விட்டுச் சேறாக்கி ஏற்றிப் பார்த்தேன். லிவரைப் போட்டும் முன் சக்கரம் சும்மா நின்றது. பேச்சியம்மா அன்று ரிஜிஸ்டர் விஷயமாக ஆபீஸ் போயிருந்தார். இடது சக்கரத்தின் மூடியைக் கழற்றினேன். உள்ளே இருந்து சக்கரத்தைச் சுழற்ற வேண்டிய ஆக்சில் கம்பி இல்லை. பட்டாளத்திலா, காயலான் கடையிலா, எங்கே உருவினார்களோ. கழற்றின மூடியும் கையுமாக நான் நிற்கும்போது அவர் வந்துவிட்டார்.

அப்போதுதான் அந்த ஹிந்தி. சந்து முழுக்கக் கூடிவிட்டது.

எல்லோரையும் வலது சக்கரத்துக்குக் கூப்பிட்டேன். போல்ட் எல்லாவற்றிலும் அவர் வைத்த பொட்டு விரிசல் இல்லாமல் இருந்தது. அவரையே தொட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கழற்றினேன். அந்தப்பக்கமும் வெறும் குழாய். ஒரு போல்ட் இல்லாத ஓட்டை வழியாக நுழைந்த குளவி உள்ளே மண்கூடு கட்டி, அதுவும் காய்ந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

பக்கத்து வெல்டர் ஒச்சப்பன் சும்மா இருப்பானா? "ஏக்கா, குளவிக்கும் மிஸ்திரிதான் கூலி குடுத்து வச்சாருன்னு சொல்லுவீகளா?"

எல்லோரும் சிரித்தார்கள். பேச்சியம்மா கூட்டைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்துப் பொடித்துப் பார்த்தார். மன்னிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. "அப்ப லொறி மேட்டுல ஏறாதா?" என்றார். குரல் இறங்கிவிட்டது. அந்தக் குரலைக் கேட்டபிறகு சண்டை போட முடியவில்லை.

ஃபெரார்கஞ்ச் பக்கம் ஒரு கான்ட்ராக்டர் யார்டில் இதே மாதிரி வண்டி ஒன்று புதர் மூடிக் கிடந்தது எனக்குத் தெரியும். மறுநாளே போனோம். கூட வராமல் இருப்பாரா? நான் வண்டிக்கு அடியில் படுத்திருக்க, வெளியே குந்தியபடி, இது உள்ளே விரிசல் விட்டதில்லையே என்று நாலு தடவை கேட்டார். ஆக்சில் இரண்டும் வெளியே வந்ததும் முதல் வேலையாகப் பொட்டு வைத்தார்.

மே கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. நீலப் பெயிண்ட் அடித்த லாரியை முதல் தடவை நானே மேட்டில் ஏற்றினேன். பேச்சியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ரோட்டைப் பார்க்காமல் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். ஏறிவிட்டது. அப்புறம் ஐந்து மழைக்காலம் அந்தக் காய்கள் மார்க்கெட்டுக்கு அழுகாமல் வந்தன. மருமகன் பன்னீர்செல்வம், மணல் கான்ட்ராக்டருக்கு மாச வாடகைக்கு விட்டால் உட்கார்ந்து சாப்பிடலாமே என்று வருஷாவருஷம் சொல்லிப் பார்த்தான். நடக்கவில்லை.

போன ஜூனில் வயிற்றில் கட்டி என்று மெயின்லாண்டு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். கப்பல் ஏறுகிற அன்று என்னை ஹேடோ ஜெட்டிக்கு வரச் சொல்லியிருந்தார். அந்தக் கப்பலில் போனவர் திரும்பவில்லை. மகளும் மருமகனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக, என்னைத் தனியாக இழுத்து, லாரிச் சாவியைக் கையில் திணித்தார்.

"மழ முடியிற வரைக்கும் நீங்களே ஓட்டுங்க மிஸ்திரி. பன்னீரு வந்து, அத்த குடுக்கச் சொன்னாங்கன்னு கேப்பான். குடுக்காதீங்க. நானே போன் பண்ணிக் குடுங்கன்னு சொன்னாலும் குடுக்காதீங்க. படுத்துக் கெடக்கிறவள எத வேணாலும் சொல்ல வச்சிருவாங்க."