பதில் வராத வகுப்பு

கணக்கு டீச்சர் பாதிக் கணக்கில் நின்றுபோன அந்தக் காலை இன்னும் என் நினைவில் இருக்கிறது. ஊரடங்குக் காலம். கிழக்கேகோட்டைக்கு அருகே இருந்த எங்கள் பள்ளியின் தமிழ்வழி வகுப்புகள் எல்லாம் கைபேசிக்குள் போயிருந்தன. ஒருவர் பாடம் நடத்த, இன்னொருவர் பிள்ளைகளை உள்ளே சேர்த்துவிட வேண்டும். அன்று சேர்க்கும் வேலை எனக்கு. திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள். அடியில் பெயர்கள் மட்டும். பின்னத்தை விளக்கிக்கொண்டிருந்தவர், புரிந்ததா என்று கேட்டார். பதில் இல்லை. மறுபடியும் கேட்டார். பிறகு, "ஆராவது இருக்கேளா?" என்று மெல்லக் கேட்டுவிட்டுத் தொடர்பைத் துண்டித்தார். அதன்பின் சில நாட்கள் அவர் வகுப்புக்கே வரவில்லை.

வலியசாலையில் அவர் வீட்டுக்குப் போனேன். முகக்கவசத்தோடு வாசலில் நின்றே பேசினோம். தூக்கம் போய்விட்டது என்றார். வகுப்பு நடக்கும்போது ஒரு பிள்ளையின் அப்பா பின்னாலிருந்து தன் பேச்சைக் கேலி செய்தது காதில் விழுந்ததாம். அதிலிருந்து கைபேசி ஒலித்தாலே நெஞ்சு படபடக்கிறதாம். "ஆளில்லாத ஆத்துல தனியாப் பேசிண்டிருக்கற மாதிரி இருக்கு டீச்சரே. இத்தனை வருஷம் அவா மூஞ்சியப் பார்த்துத்தான் பாடம் நடத்தியிருக்கேன்னு இப்பத்தான் தெரியறது." எனக்கும் அப்படித்தான் என்றேன். அதுவரை நாங்கள் இருவருமே அதை யாரிடமும் சொன்னதில்லை.

தலைமை ஆசிரியை விடுப்புக் கொடுத்தார். மருத்துவர் மாத்திரை கொடுத்தார். சற்றுத் தேறியதும் டீச்சர் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கைபேசியில் அழைத்துப் பேசத் தொடங்கினார். முதலில் அழைத்தது, சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்த ஓட்டல் தொழிலாளியின் மகளை. வகுப்பில் ஏன் வாய் திறப்பதில்லை என்று கேட்டதற்கு அவள் சொன்னாளாம்: "நான் எல்லா கிளாஸ்லயும் உண்டு டீச்சர். மைக்கத் திறந்தா எங்க வீட்டுச் சண்டை எல்லாருக்கும் கேக்கும். அதான் மிண்டாம இருந்தேன்."

இதை டீச்சர் என்னிடம் இரண்டு முறை சொன்னார். அடுத்த வாரம் வகுப்புக்குத் திரும்பினார். கட்டங்கள் அப்போதும் கறுப்பாகத்தான் இருந்தன; மாத்திரையும் உடனே நிற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பெயரையும் பார்த்து, அங்கே ஆள் இருக்கிறது என்று நம்பிப் பேசினார்.

இன்று நாங்கள் அடுத்தடுத்த அறைகளில் பாடம் நடத்துகிறோம். அந்த நாட்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பள்ளி மீண்டும் திறந்த நாள் மட்டும் சில சமயம் பேச்சில் வரும். அன்று அவர் வகுப்பில் ஒரே இரைச்சல். என் குரல் எனக்கே கேட்கவில்லை. போய் எட்டிப் பார்த்தேன். கரும்பலகையில் ஒன்றும் எழுதாமல், நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையமர்த்தினார்.

"சித்த நாழி கத்தட்டும் டீச்சரே."