அக்கா வீட்டுக்கு ஒரு கிளைக் குழாய்

அண்மையில் ஒரு காலைப்பொழுது முழுக்க, ஒரு நல்ல வேலை நடக்கக் கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு நின்றேன். ஒரு மனுஷன் செய்கிற காரியமா இது? இல்லைதான். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

ஈப்போவுக்குத் தெற்கே கோப்பெங் பக்கம் நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டம் எப்போதோ செம்பனையாகிவிட்டது. தொழிலாளர்களின் லயத்து வீடுகளும் போய்விட்டன. பக்கத்திலேயே நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்ட சிலரில் என் சரசு அக்காவும் ஒருவர். தனியாகத்தான் இருக்கிறார். மலையோடைத் தண்ணீர்தான். மழை பெய்தால் குழாயில் பால் டீ நிறத்தில் தே தாரேக் வரும்! ஈப்போவில், குனோங் ராபாட்டில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லி வருஷக்கணக்காகக் கெஞ்சுகிறேன். “இந்தத் தடவையும் கவர்மெண்டு பைப் தண்ணி வரலேன்னா வந்துடறேன்லா” என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டிருந்தார். அப்புறம் நான் வேறு என்னத்தை வேண்டிக்கொள்வேன்?

அக்கா வீட்டு வேலியோரமாகத்தான் ஈப்போவுக்குப் போகிற பெரிய இரும்புக் குழாய் ஓடுகிறது. சின்ன வயதில் அதுதான் எங்களுக்கு பெஞ்சு. காலையில் ஜில்லென்று இருக்கும். போர்வை துவைத்தால் அதன்மேல்தான் காயும். காதை வைத்தால் உள்ளே தண்ணீர் போகிற சத்தம் கேட்கும்... கேட்கும், அவ்வளவுதான்! குடிப்பதற்கு லாரி வர வேண்டும். லாரி வராத நாளில் ஒரு கையில் காலி வாளி, இடுப்பில் நான் என்று அக்கா ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

அந்தக் குழாயிலிருந்துதான் இப்போது நீர் வாரியத்தார் கிளை பிரிக்கிறார்கள். அதுவும் தண்ணீரை நிறுத்தாமலே! இது தெரியாமல் என் மனைவி வீட்டில் இருந்த வாளி, அண்டா எல்லாவற்றையும் ரொப்பி வைத்துவிட்டாள்.

“மேல ஒரு துண்டு பைப்ப வெல்ட் வெச்சு, அதுல வால்வு மாட்டி, வால்வு வழியா மெஷினை விட்டு ஓட்டை போடுவோம் அண்ணே. மெஷினை இழுத்துட்டு வால்வை அடைச்சிட்டா முடிஞ்சிச்சு. ஈப்போவுல ஒருத்தருக்கும் தெரியாது” என்றார் வெல்டர் மணியம்.

அதற்குள் அக்கா சூடமும் தேங்காயுமாக வந்துவிட்டார். “ஐயோ அக்கா, கேஸ் சிலிண்டர் இருக்கு, சூடம் கொளுத்தாதீங்கலா!” என்று மணியம் அலறினார். அக்கா அவரை முறைத்துவிட்டு, குழாய்க்குச் சந்தனப் பொட்டு மட்டும் வைத்தார்.

பொட்டு வைத்த இடத்திலேயே மணியம் ஒரு சின்னக் கருவியை வைத்துப் பார்த்தார். முகம் மாறியது. “இங்க இரும்பு ரொம்ப மெலிஞ்சிருக்கு. வெல்ட் வெச்சா பொத்துக்கும். எங்க பாஸ்கிட்ட சொல்லி நிறுத்திட வேண்டியதுதான்.”

பலித்துவிட்டது! அக்காவுக்கு எந்த ரூம் என்றுகூட முடிவு செய்துவிட்டேன். திரும்பி அக்காவைப் பார்த்தேன். லாரி வராத நாளில் பார்த்த அதே முகம்.

“தம்பி, கொஞ்சம் தள்ளி இன்னொரு இடம் பாருங்களேன்...”

சொன்னது நான்தான். சும்மா இருக்குமா என் வாய்?

தள்ளி வைத்துப் பார்த்தார். இரும்பு கெட்டியாக இருந்தது. வெல்டிங், சோதனை, வால்வு, மெஷின் என்று வேலை மளமளவென நடந்தது. உள்ளே தண்ணீர் ஓட ஓடவே இரும்பை அறுத்து, தோசைக்கல் மாதிரி ஒரு வட்டத்தை வெளியே கொண்டு வந்தார்கள். தரையில் ஒரு செம்புத் தண்ணீர்கூடச் சிந்தவில்லை.

நேற்று அக்கா வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் விட்டார்கள். அக்கா கையில் ஏந்திக் குடித்தார். அழுதுவிட்டார். நானும்தான். சந்தோஷம் ஒரு பக்கம், இனி என் வீட்டுக்கு வரமாட்டாரே என்கிற துக்கம் ஒரு பக்கம்.

“ஏன்டா மூஞ்சிய தூக்கி வெச்சிருக்க? இத்தன வருஷம் எங்கள தாண்டித்தானே உங்க ஊருக்குப் போச்சு? இனிமே நாங்க புடிச்ச மிச்சந்தான் உங்களுக்கு!”

ஆகவே, ஈப்போ வாசகர்களே... காலையில் தண்ணீர் மெதுவாக வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். என் அக்கா குளித்துக்கொண்டிருப்பார்.