சீம்பாலில் போன ஊசி

நாரின் நகரத்துக் கால்நடை நோய் ஆய்வகத்தில் சைராவின் தொண்டைதான் பெரிய தொண்டை. கழிந்து கழிந்தே செத்துப்போன ஓரகத்தி வீட்டுக் கன்றின் கிருமியை அவள் சோதித்த அன்று, தேடிய மரபணுக்கள் இரண்டும் பளிச்சென்று ஒளிர்ந்தன.

"ரெண்டும் இருக்கு! ரெண்டும் இருக்கு!" என்று குதித்தாள்.

ஒரு மரபணு, குடலைப் பிடித்துத் தொங்க மயிரிழைக் கொக்கிகள் செய்கிறது. மற்றது விஷம் செய்கிறது. இரண்டும் இல்லாவிட்டால் அது பாட்டுக்குக் குடலில் கிடக்கும் சாதுக் கிருமி.

கொக்கியை முடக்கத் தடுப்பூசி இருந்தது. சினைப்பசுக்களுக்குப் போட்டால் போதும் என்று அடித்துச் சொல்லி, போடவும் வைத்தாள். அடுத்துப் பிறந்த கன்றும் கழிந்து செத்தது.

"ஊசி, ஊசின்னு தம்பட்டம் அடிச்சியேடி, இப்ப என்ன சொல்ற?" என்றாள் ஓரகத்தி குமுஷ்கான்.

மிச்சம் ஒரே ஒரு சினைப்பசு. அதன் கன்றும் போனால் புகுந்த வீட்டில் சைராவின் பேச்சு எடுபடாது.

அது ஈன்ற காலையில் விழுந்தடித்து ஓடினாள். வீடு நிறைய அக்கம்பக்கத்தார். வழக்கப்படி எல்லார் கையிலும் அவித்த சீம்பால். அவளுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. ஆசையாக ஒரு வாய் போட்டவள் அப்படியே நின்றாள்.

"அக்கா, கன்னு குடிச்சுதா?"

"அதுக்கென்ன அவசரம்? முதல் கறவை ஊருக்கு. அது சாயங்காலம் குடிக்கும்."

ஊசி போட்டது தாய்க்கு. அதன் பலன் கன்றுக்குப் போவது முதல் பாலில். அந்தப் பாலை ஊர் தின்றுகொண்டிருக்கிறது! போன தடவை சைராவே இரண்டு கிண்ணம் தின்றிருந்தாள். சைராவுக்கு ஆத்திரமும் ஆனந்தமும் ஒன்றாகப் பொங்கின. அடுப்பங்கரையில் காய்ச்சாமல் இருந்த பாதி வாளியைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்கு ஓடினாள்.

"அடியே, அது ஆத்தங்கரை வீட்டுக்காரங்களுக்கு! மானம் போயிரும்டி!"

"போனா போகட்டும்க்கா! மருந்தே இதுலதான் இருக்கு!"

கன்று மூச்சுவிடாமல் குடித்தது.

சில நாள் கழித்து ஆய்வகத்துக்குக் குமுஷ்கானின் போன் வந்தது.

"சைரா! சாணி கட்டியா போட்டிருக்குடி! துள்ளுது!"

"ஆத்தங்கரைக்காரங்க?"

"வெறுங்கிண்ணத்தோட வந்தாங்க. உங்க பங்கைக் குடிச்சவன் இவன்தான்னு கன்னைக் காட்டினேன். அவங்க பசுவும் சினையாம். உன்னைக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க."